துப்பாக்கி இல்லாத சீருடை, 30 வருஷ டிரான்ஸ்ஃபர் வாழ்க்கை: யார் இந்த டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர்?

பார்க்க கடற்படை அதிகாரி மாதிரியே இருப்பாங்க. அதே மாதிரி சீருடை, அதே மாதிரி பதவி வரிசை. ஆனா கையில் துப்பாக்கி கிடையாது. இவர்கள் மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள், பொறியாளர்கள். எங்கே நோய் பரவுகிறதோ, எங்கே வெள்ளம் வருகிறதோ, அங்கே அனுப்பப்படுவார்கள். அமெரிக்காவின் பொது சுகாதார சேவையில் இருக்கும் கமிஷன்டு கார்ப்ஸ் எனப்படும் சீருடைப் பிரிவுதான் இது.

இந்தப் பிரிவில் இன்று சுமார் 6,000 அதிகாரிகள் இருக்கிறார்கள். இவர்களுக்கான பதவி உயர்வு, இடமாற்றம், சீருடை, ஓய்வூதிய விதிகள் அவ்வப்போது மாற்றப்படுகின்றன. பார்த்தால் சாதாரண அலுவலக சுற்றறிக்கை மாதிரிதான் தெரியும். ஆனா இந்த விதிகள் ஒரு மனிதரின் வாழ்க்கையை எப்படியெல்லாம் மாற்றும்? இதைப் புரிந்துகொள்ள ஒருவரின் கதை போதும். அவர்தான் டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர்.

முதலில், இந்த சீருடை எப்படி வந்தது?

1798-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. வணிகக் கப்பல் மாலுமிகளின் சம்பளத்தில் மாதம் 20 சென்ட் பிடித்து, அந்தப் பணத்தில் அவர்களுக்கு மருத்துவம் பார்க்க வேண்டும் என்பதுதான் சட்டம். துறைமுக ஊர்களில் மாலுமி மருத்துவமனைகள் வந்தன. ஆனா அங்கே டாக்டராக யார் வருவது என்பதில் உள்ளூர் அரசியல் செல்வாக்கு புகுந்து விளையாடியது. தெரிந்தவர் இருந்தால் வேலை, ஆட்சி மாறினால் ஆளும் மாறுவார். இதுதான் நிலைமை.

1871-ல் இந்தத் துறைக்குத் தலைவராக வந்தவர் டாக்டர் ஜான் மேனார்ட் உட்வொர்த். உள்நாட்டுப் போரில் ராணுவ மருத்துவராக இருந்தவர். அவர் ராணுவ முறையை அப்படியே இங்கே கொண்டு வந்தார். தேர்வு எழுதித்தான் வேலைக்கு வர வேண்டும். சீருடை போட வேண்டும். ஒரு மருத்துவமனைக்கு என்று இல்லாமல் மொத்த சேவைக்கும் ஒருவர் நியமிக்கப்படுவார், எந்த ஊருக்கு அனுப்பினாலும் போக வேண்டும்.

உட்வொர்த் 1879-ல், 41 வயதிலேயே இறந்துவிட்டார். 10 வருஷம் கழித்து, 1889 ஜனவரியில் அவருடைய முறை சட்டமானது. தேர்வுக் குழு முன்பு தேர்ச்சி பெற வேண்டும். ஜனாதிபதி நியமிப்பார், செனட் ஒப்புதல் தர வேண்டும். முதல் பதவி உதவி சர்ஜன். 4 வருஷம் வேலை பார்த்து, இரண்டாவது தேர்விலும் பாஸ் ஆனால்தான் அடுத்த பதவி.

இந்தச் சட்டம் வந்து 10 வருஷம் கழித்து உள்ளே நுழைந்தவர்தான் கோல்ட்பெர்கர்.

மளிகைக் கடை வீட்டுப் பையன்

கோல்ட்பெர்கர் பிறந்தது 1874-ல். அப்போதைய ஆஸ்திரியா-ஹங்கேரியில், இன்று ஸ்லோவாக்கியாவில் இருக்கும் ஒரு சிற்றூரில், யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1883-ல் குடும்பம் கப்பலேறி நியூயார்க் வந்தது. அப்போது அவருக்கு 9 வயது. புலம்பெயர்ந்தவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த கிழக்குப் பகுதியில் அப்பா ஒரு மளிகைக் கடை வைத்தார்.

முதலில் அவர் படிக்கப் போனது பொறியியல். நடுவில் மனசு மாறி மருத்துவத்துக்கு வந்தார். 1895-ல் பெல்வியூ மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். பென்சில்வேனியாவின் வில்க்ஸ்-பாரி நகரில் சொந்தமாக கிளினிக் வைத்துப் பார்த்தார். அது அவருக்குப் பிடிக்கவில்லை. 1899-ல் தேர்வு எழுதி, மாலுமி மருத்துவமனை சேவையில் உதவி சர்ஜனாகச் சேர்ந்தார்.

ஆரம்ப காலத்தில் அவருக்குக் கிடைத்த வேலைகளில் ஒன்று, நியூயார்க் துறைமுகத்தில் கப்பலில் வந்து இறங்கும் புலம்பெயர்ந்தவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை செய்வது. 16 வருஷத்துக்கு முன்பு அதே ஊருக்கு அதே மாதிரி வந்து இறங்கியவர், இப்போது சீருடையோடு எதிரே நின்றார்.

உத்தரவு வந்தால் கிளம்ப வேண்டியதுதான்

அதற்குப் பிறகு அவருடைய வாழ்க்கையே இடமாற்ற உத்தரவுகளின் பட்டியல்தான். மஞ்சள் காய்ச்சல் என்றால் மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, மிசிசிப்பி, லூசியானா. டைபஸ் காய்ச்சல் என்றால் மறுபடியும் மெக்சிகோ. நடுவில் வாஷிங்டனில் இருந்த சுகாதார ஆய்வகத்தில் வேலை.

போன இடத்தில் நோய் இவரையும் விட்டுவைக்கவில்லை. மஞ்சள் காய்ச்சல் வந்தது. டெங்கு வந்தது. டைபஸ் வந்தது. அந்தக் காலத்தில் மஞ்சள் காய்ச்சலிலும் டைபஸிலும் உயிர் போவது சர்வ சாதாரணம். கூட வேலை பார்த்த அதிகாரிகள் சிலர் அப்படி இறந்தும் போனார்கள். இவர் மூன்று முறையும் தப்பினார்.

1906-ல் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த மேரி ஃபரார் என்பவரைத் திருமணம் செய்தார். மேரி வசதியான கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் ஜனாதிபதியாக இருந்த ஜெபர்சன் டேவிஸின் உறவினர். நியூயார்க் யூத மளிகைக் கடைக்காரரின் மகனுக்கும் இவருக்கும் திருமணம் என்றதும் இரண்டு வீட்டிலும் தயக்கம் இருந்தது. ஆனாலும் திருமணம் நடந்தது. நான்கு குழந்தைகள் பிறந்தார்கள்.

குழந்தைகளை வளர்த்தது பெரும்பாலும் மேரிதான். கணவர் எப்போதும் ஏதோ ஒரு ஊரில் இருப்பார். அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

வைக்கோல் மெத்தைக்குள் கை விட்டவர்

கோல்ட்பெர்கர் எப்படிப்பட்டவர் என்பதற்கு 1909-ல் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லலாம். பிலடெல்பியா பகுதியில் மாலுமிகள் உட்பட பலருக்கு உடம்பெல்லாம் தடிப்பும் அரிப்பும் வந்தது. காரணம் தெரியவில்லை. புதிதாக வாங்கிய வைக்கோல் மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் இது வருகிறது என்று கோல்ட்பெர்கர் கவனித்தார்.

நேராகப் போய் அந்த மெத்தைகளுக்கு நடுவே தன் கையையே நீட்டி வைத்துக்கொண்டார். கையில் தடிப்பு வந்தது. வைக்கோலைச் சலித்துப் பார்த்ததில், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒரு சிறிய பூச்சி சிக்கியது. விஷயம் முடிந்தது.

ஆனா அவருடைய பெயர் வரலாற்றில் நின்றதற்குக் காரணம் வேறு.

பெலாக்ரா: வேறொருவர் விட்டுவிட்டுப் போன வேலை

1900-களின் ஆரம்பத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பெலாக்ரா என்ற நோய் பரவியது. முதலில் கை, கழுத்து, முகத்தில் தோல் சிவந்து உரியும். அப்புறம் வயிற்றுப்போக்கு. அப்புறம் புத்தி பேதலிக்கும். கடைசியில் மரணம். 1906 முதல் 1940 வரை சுமார் 30 லட்சம் பேருக்கு இது வந்தது, சுமார் 1 லட்சம் பேர் இறந்தார்கள் என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது.

இது தொற்றுநோய் என்றுதான் பலர் நம்பினார்கள். அதனால் நோயாளிகளை ஒதுக்கி வைத்தார்கள். பொது சுகாதார சேவையின் சார்பில் இதை ஆராய்ந்து வந்த அதிகாரி டாக்டர் கிளாட் லவிண்டர். பல வருஷம் உழைத்தும் விடை கிடைக்கவில்லை. சலித்துப்போய், தன்னை இந்தப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும்படி கேட்டுக்கொண்டார்.

1914-ல் சர்ஜன் ஜெனரல் ரூபர்ட் புளூ அந்த இடத்துக்கு கோல்ட்பெர்கரை அனுப்பினார். அப்போது அவருக்கு வயது 39. வீட்டில் சின்னக் குழந்தைகள். இருந்தாலும் போனார்.

நர்ஸுக்கு ஏன் வரவில்லை?

மனநல மருத்துவமனைகளையும் அனாதை இல்லங்களையும் சுற்றிப் பார்த்த கோல்ட்பெர்கர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். உள்ளே இருப்பவர்களுக்கு பெலாக்ரா வருகிறது. ஆனா அவர்களைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, கூடவே இருக்கும் ஊழியர்களுக்கு வரவே இல்லை. தொற்றுநோய் என்றால் அவர்களுக்கும் வந்திருக்க வேண்டுமே?

வித்தியாசம் சாப்பாட்டில் இருந்தது. ஊழியர்களுக்கு இறைச்சி, பால், முட்டை கிடைத்தது. உள்ளே இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் மக்காச்சோள மாவும் சர்க்கரைப் பாகும்தான்.

மிசிசிப்பி மாநிலம் ஜாக்சன் நகரில் இரண்டு அனாதை இல்லங்களில், அரசுச் செலவில் குழந்தைகளுக்குப் பால், முட்டை, இறைச்சி, பயறு வகைகள் கொடுக்கச் செய்தார். அடுத்த வருஷம் அங்கே பெலாக்ரா கிட்டத்தட்ட காணாமல் போனது.

1915-ல் அதை மறுபக்கத்திலிருந்து சோதித்துப் பார்த்தார். மிசிசிப்பியின் ராங்கின் சிறைப் பண்ணையில், ஆளுநர் எர்ல் புரூவரின் அனுமதியோடு, கைதிகள் சிலர் சோதனைக்கு முன்வந்தார்கள். சோதனை முடிந்தால் விடுதலை என்பது ஒப்பந்தம். மக்காச்சோளம், அரிசி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பாகு என்று சாப்பாடு கொடுக்கப்பட்டது. கடைசிவரை இருந்த 11 பேரில் 6 பேருக்கு பெலாக்ரா வந்தது. சொன்னபடி விடுதலையும் கிடைத்தது. கைதிகளுக்கு விடுதலை ஆசை காட்டி நோயை வரவழைக்கும் இப்படி ஒரு சோதனைக்கு இன்றைய மருத்துவ நெறிமுறையில் அனுமதி கிடைக்காது. அந்தக் கேள்வி அவருடைய வரலாற்றோடு சேர்ந்தே நிற்கிறது.

மனைவியும் கையை நீட்டினார்

இவ்வளவுக்குப் பிறகும் பல டாக்டர்கள் நம்பவில்லை. கிருமிதான் காரணம் என்றே வாதாடினார்கள். 1916-ல் கோல்ட்பெர்கர் தன் உடம்பையே சோதனைக் கூடமாக்கினார். பெலாக்ரா நோயாளிகளின் ரத்தத்தை ஊசியில் ஏற்றிக்கொண்டார். அவர்களுடைய உரிந்த தோல், சிறுநீர், மலம் ஆகியவற்றைச் சேர்த்து உருட்டி விழுங்கினார். அவரோடு உதவியாளர் டாக்டர் ஜார்ஜ் வீலரும் மற்ற தன்னார்வலர்களும் சேர்ந்து மொத்தம் 16 பேர்.

அந்த 16 பேரில் ஒருவர் மேரி. அவர் அரசு ஊழியர் இல்லை. சீருடை இல்லை, சம்பளம் இல்லை, எந்த உத்தரவும் அவரைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் பெலாக்ரா நோயாளியின் ரத்தத்தை ஊசி வழியாகத் தன் உடம்பில் ஏற்றச் சம்மதித்தார். அவர்களில் ஒருவருக்கும் பெலாக்ரா வரவில்லை.

அடுத்து, ஏன் இந்த மக்கள் நல்ல சாப்பாடு சாப்பிடவில்லை என்ற கேள்வி வந்தது. தென் கரோலினாவின் 7 பஞ்சாலை ஊர்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். கூட இருந்தவர் எட்கர் சைடன்ஸ்ட்ரிக்கர், ஒரு பொருளாதார நிபுணர். நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் பேர்ல் பக்கின் அண்ணன். வருமானம் குறையக் குறைய பெலாக்ரா கூடுகிறது என்பது கணக்கில் தெரிந்தது. ஊரைச் சுற்றிப் பருத்தி மட்டுமே விளைந்தால் பால், காய்கறி எங்கிருந்து வரும்?

இங்கே ஒரு விதியைக் கவனிக்கணும். அந்த நேரத்தில் சீருடைப் பதவி மருத்துவர்களுக்கு மட்டும்தான். இவ்வளவு முக்கியமான ஆய்வைச் செய்தும், சைடன்ஸ்ட்ரிக்கர் மருத்துவர் இல்லை என்பதால் அந்தப் பதவி அவருக்குக் கிடையாது.

அரசியல்வாதிகள் கோபப்பட்டபோது

1920-க்குப் பிறகு பருத்தி விலை விழுந்தது. ஏழைகள் சாப்பாட்டைக் குறைப்பார்கள், பெலாக்ரா ஏறும் என்று கோல்ட்பெர்கர் 1921-ல் எச்சரித்தார். ஜனாதிபதி ஹார்டிங் உடனே சர்ஜன் ஜெனரலுக்கும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் கடிதம் எழுதினார்.

தென் மாநில அரசியல்வாதிகளுக்குக் கோபம் வந்தது. எங்கள் ஊரைப் பட்டினி ஊர் என்று காட்டுகிறார்கள், முதலீடும் சுற்றுலாவும் கெட்டுப்போகும் என்பது அவர்கள் வாதம். உதவியே வேண்டாம் என்றுகூட சொன்னார்கள்.

இங்கேதான் உட்வொர்த் போட்ட விதிகளின் அர்த்தம் புரிகிறது. உள்ளூர் செல்வாக்கில் வேலைக்கு வந்த டாக்டராக இருந்திருந்தால், உள்ளூர்க்காரர்கள் கோபப்பட்டதும் வேலை போயிருக்கும். கோல்ட்பெர்கரை நியமித்தது ஜனாதிபதி, ஒப்புதல் தந்தது செனட். அவருடைய மேலதிகாரி வாஷிங்டனில் இருந்தார். அதனால் தனக்குத் தெரிந்த உண்மையைச் சொல்லிவிட்டு, அவரால் வேலையைத் தொடர முடிந்தது.

1927-ல் மிசிசிப்பி ஆற்றில் பெரும் வெள்ளம். பெலாக்ரா மீண்டும் எழுந்தது. மலிவாகக் கிடைக்கும் மதுபான ஈஸ்ட் இந்த நோயைத் தடுக்கும் என்று அதற்குள் அவர் கண்டுபிடித்திருந்தார். வெள்ளம் பாதித்த ஊர்களில் அந்த ஈஸ்ட் விநியோகிக்கப்பட்டது, பலர் பிழைத்தார்கள்.

ஒரு சட்டம், ஒரு குடும்பம்

1929 ஜனவரி 17. சிறுநீரகப் புற்றுநோயால் கோல்ட்பெர்கர் வாஷிங்டனில் இறந்தார். வயது 54. அவருடைய அஸ்தி போடோமாக் ஆற்றில் கரைக்கப்பட்டது.

கிட்டத்தட்ட 30 வருஷ சேவை. பெரிய சேமிப்பு இல்லை. சீருடை அதிகாரிகளுக்கு ராணுவத்தோடு ஒப்பிடத்தக்க சம்பளம் 1922 சட்டத்தில் வந்திருந்தது. ஆனா அதிகாரி இறந்தால் மனைவி, குழந்தைகளுக்கு என்ன என்பது வேறு கதை. மேரிக்கு ஓய்வூதியம் கொடுக்க அமெரிக்க காங்கிரஸ் தனியாக ஒரு சிறப்பு ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது.

கோல்ட்பெர்கர் புகழ்பெற்றவர், அதனால் காங்கிரஸ் வரை விஷயம் போனது. மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோன, பெயர் தெரியாத இளம் அதிகாரிகளின் குடும்பங்களுக்கு யார் போய்க் கேட்பது? அதற்குத்தான் எல்லோருக்கும் பொதுவான விதி வேண்டும் என்பது.

பெலாக்ராவைத் தடுக்கும் அந்தச் சத்து என்ன என்பது கோல்ட்பெர்கருக்குக் கடைசிவரை தெரியாது. 1937-ல் கான்ராட் எல்வேஜம் அதைக் கண்டுபிடித்தார். அதுதான் நியாசின் எனப்படும் வைட்டமின் பி3.

அவருக்குப் பிறகு என்ன மாறியது?

* 1930: பல் மருத்துவர்கள், சுகாதாரப் பொறியாளர்கள், மருந்தாளுநர்களும் சீருடை அதிகாரி ஆகலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது.

* 1944: பொது சுகாதார சேவைச் சட்டம் வந்தது. செவிலியர்கள், விஞ்ஞானிகள் என்று கதவு இன்னும் அகலமாகத் திறந்தது.

* 2014: எபோலா பரவிய லைபீரியாவில், நோய் தொற்றிய மருத்துவப் பணியாளர்களுக்காக அமைத்த சிகிச்சை மையத்தில் இந்த அதிகாரிகள் வேலை பார்த்தார்கள்.

* 2020: கொரோனா நேரத்தில் வந்த நிவாரணச் சட்டம், தேவைப்படும்போது அழைத்துக்கொள்ள ஒரு ரிசர்வ் படையை உருவாக்க வழி செய்தது.

* இன்று: ராணுவத்தினர் போலவே, ஓய்வுபெற்ற அதிகாரி இறந்த பிறகும் குடும்பத்துக்கு மாதப் பணம் கிடைக்கும் திட்டம் இவர்களுக்கும் உண்டு. அதற்காக யாரும் காங்கிரஸில் தனி மசோதா கொண்டுவர வேண்டியதில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது என்ன?

சுகாதார ஊழியர்களுக்கான விதி மாற்றம் என்றால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று மட்டும்தான் பெரும்பாலும் பேசுகிறோம். கோல்ட்பெர்கரின் வாழ்க்கையில் இரண்டு பக்கமும் தெரிகிறது. தேர்வு, பொதுவான பதவி, எங்கும் அனுப்பலாம் என்ற நிபந்தனை, இவையெல்லாம் சேர்ந்துதான் ஒரு மளிகைக் கடைக்காரரின் மகனை அதிகாரியாக்கியது. செல்வாக்குள்ளவர்கள் கோபப்பட்டாலும் அசையாமல் நிற்க வைத்தது.

அதே நேரத்தில், உத்தரவு வந்ததும் நோய் பரவும் ஊருக்குப் போகச் சொல்லும் அரசு, அந்த அதிகாரிக்கு ஏதாவது ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன செய்யும் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். முதல் பாதியை உட்வொர்த் 1870-களிலேயே எழுதிவிட்டார். இரண்டாவது பாதி, மேரி தனியாகிவிட்ட 1929-லும் முழுசாக எழுதப்பட்டிருக்கவில்லை.